பாட்டு ஓய்ந்த மாதங்களில் பறவைக் குரல் பழகுவது

பறவைகளைக் குரலை வைத்து அடையாளம் காணப் பழக வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில்தான் தொடங்குகிறார்கள். குயில் கூவுகிறது, குக்குறுவான் விடாமல் கத்துகிறது, குண்டுகரிச்சான் மொட்டைமாடிக் கம்பியில் உட்கார்ந்து பாடுகிறது, ஆர்வம் வரத்தானே செய்யும். ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்ள அதைவிட மோசமான நேரம் கிடையாது. பத்துப் பதினைந்து பறவைகள் ஒரே சமயத்தில் வாய் திறந்தால் எதிலிருந்து எதைப் பிரிப்பது? ஒரு வாரம் முயன்றுவிட்டு, நமக்குக் காது போதாது என்று விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் ஐப்பசி கடைசியில் மழை விட்ட ஒரு காலையில் தொடங்கி மாசி வரை பழகுவதுதான் சரி. தமிழ்நாட்டில் அந்த மாதங்களில் பறவைகளிடம் பாட்டு குறைவு, பேச்சு அதிகம். நமக்கு முதலில் வேண்டியது அந்தப் பேச்சு.

பாட்டு, பேச்சு என்று பிரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாட்டு பெரும்பாலும் ஆண் பறவையின் வேலை. இது என் இடம், எனக்குத் துணை வேண்டும், அவ்வளவுதான் அதில் உள்ள செய்தி. கூடு கட்டும் பருவத்தில் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏற ஏறப் பாட்டும் ஏறும், பருவம் முடிந்ததும் இறங்கிவிடும். இதற்காக மூளையே அளவு மாறுகிறது. 1981-ல் ஃபெர்னாண்டோ நாட்டெபாம் என்ற ஆய்வாளர் கேனரிப் பறவைகளில் இதைக் காட்டினார்: பாட்டை ஆளும் மூளைப் பகுதிகளில் முக்கியமான ஒன்று, இலையுதிர் காலத்தில் இருந்ததைவிட வசந்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

பேச்சு அப்படியில்லை. சின்னச் சின்ன ஒலிகள், ஆணும் பெண்ணும் குஞ்சும் எழுப்புவது, வருடம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பது. நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே, வல்லூறு வருகிறது, பூனை கீழே உட்கார்ந்திருக்கிறது, தள்ளிப் போ, இது என் கிளை. எந்த மாதத்தில் போனாலும் ஒரு பறவையிடம் இந்த ஒலிகள் இருக்கும் என்பதால், இதைப் பழகியவருக்கு வருடம் முழுக்கப் பறவை தெரியும். பாட்டை மட்டும் பழகியவருக்கு நாலைந்து மாதம்தான் தெரியும்.

நம் பக்கத்துக் குளிர்காலம் முழு அமைதியும் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் டிசம்பர் மாதத்துப் பகலுக்கும் ஜூன் மாதத்துப் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் அது எட்டு மணி நேரத்துக்கும் மேல். அங்கே பகல் நீள்வதே பறவைகளுக்குப் பெரிய மணியோசை, இங்கே மழையும் அதற்குப் பின் வரும் பூச்சியும் பூவும் விதையும்தான் பல பறவைகளுக்குக் கணக்கு. அதனால்தான் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு போன்ற சில பறவைகள் எந்த மாதத்திலும் கூடு கட்டும், எந்த மாதத்திலும் பாடும். மற்றவை வாயை மூடிக்கொள்ளும்போது இவை தனியாகக் கேட்பது கற்பவருக்கு லாபம்.

இன்னொரு லாபம் சோம்பேறிகளுக்கு. ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகிவிடும். ஐந்தரைக்கு எழுந்து தவம் கிடக்க வேண்டியதில்லை, ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் போதும். காற்று அசையாத, குளிர்ந்த காலை என்றால் தூரத்துக் குரலும் தெளிவாக வரும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? இங்கே ஒரு சின்ன அறிவியல் உதவி செய்கிறது. எல்லாப் பறவையும் குரலைக் கற்றுக்கொள்வதில்லை. பாட்டுப் பறவைகள், கிளிகள், அமெரிக்கக் கண்டத்துத் தேன்குடிக்கும் ஹம்மிங் பறவைகள், இந்த மூன்று கூட்டம்தான் குரலைக் கேட்டுப் பழகிப் பேசுபவை. புறா, செண்பகம், குயில், குக்குறுவான், ஆள்காட்டி போன்றவை பிறக்கும்போதே குரலோடு பிறக்கின்றன. குயிலை எடுத்துக்கொள்ளுங்கள், காக்கைக் கூட்டில், காக்கையின் கத்தலைக் கேட்டே வளர்கிறது, ஆனாலும் பெரிதானதும் குயிலாகத்தான் கூவுகிறது. இப்படிப்பட்ட பறவைகளின் குரல் ஊருக்கு ஊர் பெரிதாக மாறாது, ஆளுக்கு ஆளும் மாறாது. ஒருமுறை பிடித்துவிட்டால் கன்னியாகுமரியிலும் அதேதான், கிருஷ்ணகிரியிலும் அதேதான். அதனால் முதல் இரண்டு வாரம் இவற்றோடு மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. கொண்டைக்குருவியையும் கரிச்சானையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

செண்பகம், சில ஊர்களில் செம்போத்து. அடித்தொண்டையிலிருந்து ஊப்-ஊப்-ஊப்-ஊப் என்று வரிசையாக வரும், புதருக்குள்ளிருந்து வரும், ஆளைப் பார்ப்பது கஷ்டம். இரண்டு பறவைகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதும் உண்டு. அப்போது குரல் இன்னும் தாழ்வாக ஒலிப்பது பெண் பறவை. இதையும் கொண்டலாத்தியையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. கொண்டலாத்தி மென்மையாக ஹூப்-ஹூப்-ஹூப் என்று இரண்டு மூன்று முறை சொல்லிவிட்டு நிறுத்தும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொல்லும். செண்பகம் லேசில் நிறுத்தாது.

புறாக்களில் குரலின் தாளத்தைப் பிடித்தால் போதும். கள்ளிப்புறா என்று சொல்லும் சாம்பல் நிறப் புறா கு-கூ-கு என்று மூன்று தட்டு, நடுவில் அழுத்தம். சின்னத் தவிட்டுப்புறா மெல்லச் சிரிப்பது போல கு-கு-குகுகு என்று உருட்டும். புள்ளிப்புறா இரண்டுக்கும் நடுவில், கரகரப்பாக க்ரூக்-க்ருக்ரூ. வீட்டு வெண்டிலேட்டரில் குடியிருக்கும் மாடப்புறாவின் முனகல் எல்லாருக்கும் தெரிந்ததே, நான் விளக்க வேண்டியதில்லை.

ஆள்காட்டி இரவிலும் கத்தும், காலி மனைக்கு நாய் வந்தாலும் மனிதன் வந்தாலும் கத்தும். வெட்டவெளியில், ராத்திரி பத்து மணிக்கு டிட்-டிட்டி-டூயிட் என்று ஓங்கிக் கேட்டால் வேறு யோசனையே வேண்டாம். மாலை மங்கிய பிறகு மரத்தில் இரண்டு மூன்று பேர் வாய்ச்சண்டை போடுவது போலக் கிரீச்சென்று கலந்து கேட்டால் புள்ளி ஆந்தை. குளிர்கால மாலைகளில் ஜோடியாக வெளியே வந்து முதலில் ஒரு சண்டை, அப்புறம்தான் வேட்டை.

அடுத்து, தோட்டத்துக்கே உரிய சத்தக்காரர்கள். தவிட்டுக்குருவி ஏழெட்டாகத் தரையில் சருகைப் புரட்டிக்கொண்டே போகும், போகும்போது உயர்ந்த, மெல்லிய, நடுங்கும் குரலில் விடாமல் பேசிக்கொண்டே போகும். அந்த முணுமுணுப்பு நின்றால் கூட்டம் சிதறிவிடும், அதற்காகத்தான் அத்தனை பேச்சு. திடீரென்று எல்லாம் சேர்ந்து உச்சஸ்தாயியில் கத்தினால் ஒன்று உள்வீட்டுச் சண்டை, இல்லையென்றால் பாம்போ பூனையோ. கொண்டைக்குருவி, அதாவது சின்னான், எல்லாத் தோட்டத்திலும் இருப்பது, இரண்டு மூன்று அசையில் உருண்டையான, உற்சாகமான குரல். இது கற்றுப் பாடும் கூட்டம் என்பதால் உங்கள் தெருச் சின்னானும் அடுத்த ஊர்ச் சின்னானும் சொல்வது கொஞ்சம் வேறாக இருக்கலாம். குரலின் தன்மையைத்தான் பிடிக்க வேண்டும், வார்த்தையை அல்ல. மேற்கு மாவட்டங்களிலும் மலையடிவாரத்திலும் இருப்பவர்களுக்குச் செம்மீசைச் சின்னானும் கிடைக்கும். அதன் குரல் இன்னும் தெளிந்தது, துள்ளுவது, பேச்சை முடிக்கும்போது ஒரு கேள்வி கேட்பது போல இருக்கும்.

தையல்சிட்டுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பறவை, போடுகிற சத்தமோ தெருமுனை வரை கேட்கும். டுவீட்-டுவீட்-டுவீட்-டுவீட், ஒரே வேகம், ஒரே சுருதி, ஏழெட்டு முறை அடித்துவிட்டு ஒரு நிறுத்தம். செம்பருத்திச் செடிக்குள் வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நிதானமாக இரண்டடி தள்ளி நின்று பாருங்கள்: ஒவ்வொரு முறை கத்தும்போதும் தொண்டையின் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்து தெரிந்து மறையும். அது இறகின் நிறம் கிடையாது, இறகு விலகும்போது தெரியும் கறுத்த தோல். கத்தாத நேரத்தில் அந்தக் கறுப்பு இருந்த இடமே தெரியாது.

இந்தத் தையல்சிட்டோடு எல்லாரும் குழப்பிக்கொள்வது இன்னொரு பறவையோடு அல்ல, அணிலோடு. குரல் பழகுபவர்கள் முதல் மாதத்தில் பெயர் தெரியாத பறவை என்று குறித்து வைப்பதில் கணிசமானது அணிலாகத்தான் இருக்கும் என்பது என் அனுமானம். முதுகில் மூன்று கோடு போட்ட நம் வீட்டு அணில் மரத்தண்டில் ஒட்டிக்கொண்டு சிப்-சிப்-சிப்-சிப் என்று அடிக்க ஆரம்பித்தால் நிறுத்தாது, பல நிமிடம் ஓடும், ஒவ்வொரு சிப்புக்கும் வால் ஒருமுறை வெட்டி ஆடும். தையல்சிட்டு இடையில் மூச்சு விடும், இடம் மாறும், வேகம் மாற்றும். அணில் ஒரே இடத்தில், ஒரே அளவில், சலிப்பே இல்லாமல் அடிக்கும். முதலில் அணிலைப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். மழை மாதமென்றால் தவளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிரிக்கும் குரல்கள் இரண்டு. வெண்மார்பு மீன்கொத்தி, பெயர்தான் மீன்கொத்தி, கிணறு குளம் இல்லாத தெருவிலும் ஓணானும் வெட்டுக்கிளியும் தின்று பிழைக்கும். பறக்கும்போது கடகடவென்று கடுமையாக ஒரு சிரிப்பு சிரிக்கும். பொன்முதுகு மரங்கொத்தியும் பறக்கும்போது சிரிக்கும், ஆனால் அது கீ-கீ-கீ-கீ என்று வேகமாகத் தொடங்கிச் சரிந்து இறங்குவது. மீன்கொத்தியின் ஒலியில் ஒரு வறட்டுத் தன்மை உண்டு, மரங்கொத்தியுடையதில் கிடையாது. தலைக்கு மேல் போகும்போது பறக்கும் விதத்தையும் பாருங்கள். மரங்கொத்தி ஏறி இறங்கி அலை போலப் போகும், மீன்கொத்தி நேர்கோட்டில் போகும். காதும் கண்ணும் சேர்ந்து பழகினால்தான் குரல் மனதில் நிற்கும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

வால்காக்கை கோ-கீ-லா என்று இனிமையாகச் சொல்லும், அதே வாயால் கர்ரென்று காறவும் செய்யும். பூக்கொத்தி என்பது நம் நாட்டின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று, புல்லுருவி படர்ந்த மரத்தின் உச்சியில் டிக்-டிக்-டிக் என்று ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். கேட்கப் பழகாதவர்களுக்கு அது ஒலியாகவே படாது. பழகிவிட்டால் பஸ் நிறுத்தத்தில்கூடக் கேட்கும்.

இனி விருந்தாளிகள். குளிர்காலத்தில் குரல் பழக நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இவர்கள்தான், ஏனென்றால் கோடையில் இவர்கள் இங்கே கிடையாது. செப்டம்பர், அக்டோபரில் வந்து மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடுவார்கள்.

இவர்களில் பெரும்பாலானவர்களைப் பார்ப்பதைவிடக் கேட்பது சுலபம். பச்சைக் கதிர்க்குருவி ஏழெட்டு கிராம் எடைதான் இருக்கும், மாமரத்தின் உச்சியில் இலைகளுக்கு நடுவே இலை நிறத்திலேயே திரியும், பைனாகுலரில் தேடினால் கழுத்து வலிதான் மிச்சம். ஆனால் நிமிடத்துக்கு ஒரு தடவையாவது சிஸ்-வீ என்று இரண்டு அசையில் கூர்மையாகச் சொல்லும். இமயமலைக்கும் மத்திய ஆசியாவுக்கும் முட்டையிடப் போகிற பறவை, இங்கே வந்து எதற்கு இத்தனை கத்தல்? கூடும் இல்லை, துணையும் தேடவில்லை. பதில், சாப்பாடு. களக்காடு முண்டந்துறைக் காடுகளில் இந்தக் கூட்டத்தைக் குளிர்காலம் குளிர்காலமாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பறவையும் தனக்கென்று சில மரங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரன் உள்ளே வராமல் குரலாலேயே வேலி கட்டுகிறது. மழை நன்றாகப் பெய்த வருடம் இலைப்புழு நிறைய, வேலியும் சின்னதாக இருந்தால் போதும். ஆக, உங்கள் மாமரத்தில் நவம்பரில் கேட்ட சிஸ்-வீயும் பிப்ரவரியில் கேட்கும் சிஸ்-வீயும் அதே ஆளாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அதற்கு நேர் எதிர், பிளைத் நாணல் கதிர்க்குருவி. பெயரில் நாணல் இருந்தாலும் இங்கே அது இருப்பது வேலிப் புதரில், போகன்வில்லாவில், கருவேப்பிலைச் செடியில். உயரே வராது, வெளியேயும் வராது, புதருக்குள்ளிருந்து செக்... செக்... என்று நாக்கைச் சொடுக்குவது போல ஒற்றை ஒலி. மரத்தின் உச்சியில் இரண்டு அசை என்றால் பச்சைக் கதிர்க்குருவி, இடுப்பளவுப் புதரில் ஒற்றைச் சொடுக்கு என்றால் இது. பார்க்கவே பார்க்காமல் இரண்டையும் பிரித்துவிடலாம், பார்த்தால்தான் குழப்பம், இரண்டும் அப்படி ஒரு சாதாரண நிறம்.

பழுப்புக் கீச்சான் சைபீரியா, மங்கோலியா, சீனாப் பக்கம் கூடு கட்டுகிற பறவை. வந்து இறங்கிய முதல் சில வாரங்களில்தான் அதன் கூச்சல் அதிகம். முள்வேலி உச்சியில், கம்பத்தில் உட்கார்ந்து கரகரவென்று தொடர்ச்சியாக ஒரு சண்டைக் குரல் எழுப்பும். எல்லை முடிவானதும் அடங்கிவிடும். போன வருடம் இருந்த இடத்துக்கே திரும்பி வரும் பழக்கமும் இதற்கு உண்டு. ஆகவே அக்டோபரில் இதன் குரலைத் தவறவிட்டவர்கள் டிசம்பரில் இதை மௌனமாகத்தான் பார்ப்பார்கள்.

ஆறுமணிக்குருவியைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பெயரே நேரத்தைச் சொல்லிவிடுகிறது. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள், காரணம், உடம்பில் ஏழெட்டு வண்ணம் இருந்தும் சருகில் குதித்துக் குதித்து இரை தேடும்போது கண்ணில் படாது. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடு கட்டிவிட்டுத் தெற்கே வருகிறது, இரவில் பறந்து வந்து களைத்து வீட்டுக்குள் விழுந்து கிடப்பதும் நடக்கும். விடியும்போது ஒன்றிரண்டு முறை, இருட்டும்போது ஒன்றிரண்டு முறை, வீ...ட்-டியூ என்று தெளிந்த இரட்டை விசில். ஒன்று சொன்னால் பக்கத்துத் தோப்பில் இருப்பதும் பதில் சொல்லும், அத்தோடு சரி, அடுத்த பன்னிரண்டு மணி நேரம் ஒரு சத்தமும் வராது. மேகம் மூடிய நாளில் நடுவிலும் கத்தலாம். இதுவும் குரலோடு பிறக்கும் கூட்டம்தான், அதனால் ஒருமுறை கேட்டால் மறக்க வழியில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் வெளியே இருக்கிறோமா என்பதுதான் விஷயம்.

அரசவால் ஈப்பிடிப்பானை வால் அழகுக்காகத் தேடுகிறவர்கள் அதன் குரலைக் கேட்டால் ஏமாந்துபோவார்கள். ஸ்க்ரீக் என்று கரடுமுரடாக, அந்த உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒலி. மாங்குயிலும் அப்படித்தான். கூடு கட்டும் இடத்தில் புல்லாங்குழல் மாதிரி குரல் என்று புகழ்வார்கள், நம்மிடம் குளிர்காலத்தில் இருக்கும்போது அடிக்கடி வருவது என்னவோ சீயா... என்ற பூனைக்குரல்தான். மரத்தில் பூனை இல்லை, மஞ்சளாக ஏதோ நகர்கிறது என்றால் கண்டுபிடித்துவிட்டீர்கள். கொடிக்கால் வாலாட்டி மரத்தடி நிழலில் நடக்கும், கிளம்பும்போது பிங்க் என்று ஒற்றைச் சத்தம். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். நீலவால் பஞ்சுருட்டான்கள் உயரத்தில் ப்ரிப்-ப்ரிப் என்று உருட்டிக்கொண்டு கூட்டமாகப் போகும். சூறைக்குருவிகள் ஆல், அரசில் பழம் பழுத்தால் நூற்றுக்கணக்கில் இறங்கும், அப்போது தனிக்குரல் என்று எதுவும் கேட்காது, மொத்தமாக ஓர் இரைச்சல்.

இதுவரை சொன்னது யார் பேசுகிறார் என்பது. என்ன பேசுகிறார் என்பதிலும் கொஞ்சம் காது வைத்தால் தோட்டத்தில் நடப்பது புரிய ஆரம்பிக்கும். பறவைக் குரல்களை ஆராய்ந்த பீட்டர் மார்லர் 1955-லேயே இதற்கு அருமையான ஒரு விளக்கம் கொடுத்தார். வானத்தில் வேட்டைப்பறவை தெரிந்தால் சின்னப் பறவைகள் எழுப்பும் எச்சரிக்கை மெல்லியதாக, உச்சச் சுருதியில், தொடக்கமும் முடிவும் தெரியாமல் இழுத்து வரும் ஒலி. சுருதி 7 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். இப்படிப்பட்ட ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் நிதானிக்க முடியாது. இடது காதுக்கும் வலது காதுக்கும் இடையே ஒப்பிட அதில் பிடிமானம் இல்லை. எச்சரித்தவன் எங்கே இருக்கிறான் என்று வல்லூறுக்குத் தெரியாது. அதுவே ஆந்தை பகலில் கிளையில் தூங்கிக்கொண்டிருந்தாலோ, பாம்பு ஊர்ந்தாலோ, அப்போது ஒலி முற்றிலும் வேறு: டக்-டக்-சக்-சக் என்று வெட்டு வெட்டாக, எல்லாச் சுருதியும் கலந்து, எங்கிருந்து வருகிறது என்று நன்றாகத் தெரியும்படி. அங்கே நோக்கம் ஒளிவதல்ல, நாலு பேரைக் கூப்பிடுவது. சின்னான் ஆரம்பித்தால் தையல்சிட்டு சேரும், தேன்சிட்டு சேரும், அணிலும் சேரும். அந்தக் கூச்சலை நோக்கி மெதுவாக நடந்தால் நடுவில் புள்ளி ஆந்தையோ சாரைப்பாம்போ பெரும்பாலும் இருக்கும். எல்லாரும் ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டால் மேலே பாருங்கள்.

வல்லூறைப் பற்றிப் பேசினால் கரிச்சானை விட முடியாது. இரட்டைவால் குருவி என்று எல்லாரும் அறிந்தது, விடிவதற்கு வெகு முன்பே, இருட்டிலேயே குரல் கொடுப்பது. வல்லூறின் டி-டூ, டி-டூ என்ற இரட்டைக் குரலை அப்படியே பேசிக் காட்டும் திறமை இதற்கு உண்டு. மின்கம்பியிலிருந்து வல்லூறுக் குரல் கேட்டு மற்ற பறவைகள் எதுவும் பயப்படவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். தன்னுடைய கரகரப்பான சொந்தக் குரலை இடையில் கலக்காமல் அதனால் வெகுநேரம் இருக்க முடியாது, கொஞ்சம் பொறுத்தால் குட்டு உடைந்துவிடும்.

தை பிறந்ததும் பாட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பிக்கும். இதுதான் நவம்பரில் தொடங்கியவர்களுக்குக் கிடைக்கும் பரிசு: மொத்தமாக வந்து மேலே விழாமல் வாரம் ஒன்றாக வரும். செம்மார்புக் குக்குறுவான் முதலில் வருபவர்களில் ஒருவர். மழை மாதங்களில் அடங்கிக் கிடந்துவிட்டு, மொட்டை மரத்தின் உச்சிக் கிளையில் காலை வெயிலுக்கு உட்கார்ந்து டுக்-டுக்-டுக்-டுக், கன்னார் பட்டறையில் செம்பு தட்டுவது போல. நிமிடத்துக்கு 108 முதல் 121 தட்டு வரை எண்ணியிருக்கிறார்கள். இதையும் அருகில் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். அலகு மூடியே இருக்கும், கழுத்தின் பக்கத்தில் இறகில்லாத தோல் ஒவ்வொரு டுக்குக்கும் உப்பி அமுங்கும், தலை ஒரு பக்கம் குனியும், அடுத்ததற்கு மறுபக்கம் திரும்பும். தலை திரும்பத் திரும்ப ஒலியும் திசை மாறுவது போலத் தோன்றுவதால், எந்த மரம் என்று கண்டுபிடிப்பதற்குள் ஆள் போய்விடும்.

ஊதாத் தேன்சிட்டின் ஆண் அக்டோபர், நவம்பரில் பளபளப்பு போய்ப் பெண்ணைப் போலவே மங்கிக் கிடக்கும், நெஞ்சின் நடுவே ஒரு கறுப்புக் கோடு மட்டும் அடையாளம். அப்போது அதனிடம் ஒற்றைச் சிப்புகள்தான் இருக்கும். நிறம் திரும்பத் திரும்பப் பாட்டும் நீளும், இரண்டும் ஒரே ஹார்மோன் கணக்கு. மீன்கொத்தி உச்சிக் கிளையில் உட்கார்ந்து நடுங்கும் நீண்ட விசிலைத் தொடங்கும். குண்டுகரிச்சான், குளிர்காலம் முழுக்க ஒரு சோகமான ஸ்வீயும் ஒரு கரகரப்பும் தவிர வேறெதுவும் சொல்லாமல் வேலியோரம் ஒளிந்து திரிந்தது, மாசி வாக்கில் மறுபடி விசிலடிக்க ஆரம்பிக்கும். குயில் மௌனம் கலைப்பதும் அதை ஒட்டித்தான். கூ-ஊ என்பது ஆண். கிக்-கிக்-கிக்-கிக் என்று பதறிக்கொண்டு பறப்பது புள்ளி போட்ட பெண். பலரும் அதை வேறு பறவை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாகச் செயலிகள். கார்னெல் ஆய்வகத்தின் மெர்லின் 2021 முதல் ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. செனோ-கான்டோ தளம் 2005 முதல் உலகம் முழுவதிலிருந்தும் பறவை ஒலிப்பதிவுகளைச் சேர்த்து வருகிறது, இரண்டும் இலவசம். மெர்லின் ஒலியைப் படமாக மாற்றி, அந்தப் படத்தின் வடிவத்தை ஒப்பிட்டுப் பெயர் சொல்கிறது. வேலை நன்றாகவே செய்கிறது, ஆனால் கரிச்சான் வல்லூறாக நடித்தால் வல்லூறு என்று நம்பிவிடக்கூடியது. ஒற்றைச் சொடுக்கு, ஒற்றைச் சிப் போன்றவற்றில் தடுமாறும். குளிர்காலத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதுதானே. அது சொல்லும் பெயரை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் எங்கே பார்க்க வேண்டும் என்ற குறிப்பாக எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பதிவு செய்த குரலைத் தோட்டத்தில் சத்தமாகப் போட்டுப் பறவையை வரவழைக்கும் வேலை மட்டும் வேண்டாம். எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும், அந்த நேரமும் சக்தியும் அதற்கு நஷ்டம். ஒப்பிட்டுக் கேட்க வேண்டுமென்றால் காதில் இயர்போன் மாட்டிக் கேளுங்கள்.

பழகியதைச் சரிபார்க்க நல்ல சந்தர்ப்பம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் விடுமுறை நாட்களில் நடக்கிறது, குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று கவனித்து இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியல் போட்டால் போதும், சொந்த மொட்டைமாடியே போதுமான இடம். கண்ணால் பார்க்காமல் குரல் மட்டும் கேட்ட பறவையையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம், பலர் இது தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். புதருக்குள் செக் என்றது, ஆனால் பிளைத் தானா என்று உறுதியில்லை என்றால் வெறுமனே ஒரு கதிர்க்குருவி என்று பதிவதற்கும் அதில் இடம் இருக்கிறது. ஊகித்து எழுதிய இனப்பெயரைவிட அந்தப் பொதுப்பெயர் கணக்கெடுப்பவர்களுக்கு அதிகம் பயன்படும்.